உறைமழைக்குச் சாத்தியம் உண்டு

1

இந்தக் கதை மீன் வெட்டும் இடத்தில் பிறந்தது. மொன்றியலில், கோட்-டே-நேஜ் பக்கம் இருக்கும் தமிழ்க் கடையொன்றின் பின்பகுதியில், வெட்டுப்பலகைக்கு முன்னால் நாங்கள் நாலைந்து பேர் முறைக்காக நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவர் விளைமீனைச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லிவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார்.

"உந்த ரேடியோக்காரியின்ர வாயால ஒரு பிள்ளையின்ர அரங்கேற்றமே பாழாய்ப் போச்சு. உறைமழை, உறைமழை எண்டு கத்தினாள். எங்க வந்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். மீன் வாங்காமலே வெளியில் வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அந்த ஆளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பதில்தான் இது. கதை மாதிரித் தெரிந்தால் அது என் பழக்கதோஷம்.

இதற்கிடையில் பற்றிக் என்ற நண்பர் தன் சஞ்சிகையின் பனிக்காலச் சிறப்பிதழுக்கு ஒரு கதை கேட்டிருந்தார். கேட்டதோடு விடவில்லை, செய்முறையும் சொன்னார். "பனி கொட்ட வேணும். ஊர் ஞாபகம் வரவேணும். கடைசியில வாசிக்கிற ஆளுக்குக் கண் கலங்க வேணும்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். இப்போது இல்லை என்கிறேன். கொட்டும் என்று சொன்னது கொட்டாமல் போனதுதான் இந்தக் கதையில் பிரச்சினையே. கண் கலங்குவது அவரவர் பாடு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அழிக்காமல் இங்கேயே விடுகிறேன். என்ன செய்ய மறுத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியட்டும்.

"மொன்றியலின் நவம்பர், கணவனை இழந்த பெண்ணைப் போல..."

(சீ. நவம்பர் நவம்பர்தான். கணவனை இழந்த பெண்களுக்கு வேறு வேலை இருக்கிறது.)

"வெள்ளைப் போர்வை போர்த்திய இந்த நகரம்..."

(இதற்கு மேல் எழுதினால் என் கையை நானே முறித்துவிடுவேன்.)

"துஷாந்தினி ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தாள். அவள் கண்களில்..."

(துஷாந்தினி வானத்தைப் பார்ப்பதே இல்லை. கணினித் திரையைத்தான் பார்ப்பாள். கண்களில் கண்ணாடி இருக்கும்.)

ஆகவே நாலாவது தொடக்கத்தை அவளிடமே விடுகிறேன். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, குணரத்தினம் அண்ணையின் இணைய வானொலியில் அவள் வாசித்தது இது.

3

"வணக்கம். மொன்றியலுக்கும் சுற்றுவட்டாரத்துக்குமான வார இறுதிக் காலநிலை. வாசிப்பது துஷாந்தினி. வெள்ளி காலை ஆற்றோரத்திலும் துறைமுகத்தை அண்டிய பகுதிகளிலும் அடர்ந்த மூடுபனி இருக்கும். பகல் வெப்பநிலை மூன்று பாகை. இந்தப் பருவத்துக்கு இது வழக்கமானதே. சனி காலை இலேசான பனி தூறும், தரையில் தங்காது. சனி பின்னேரம் தொடக்கம் மழை. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்பதால் அது உறைமழையாவதற்கு நூற்றுக்கு அறுபது சாத்தியம் உண்டு. வெளியில் போகிறவர்கள் வேளைக்கே புறப்படுங்கள். பனிக்கால ரயர் மாற்றாதவர்கள் காரை எடுக்க வேண்டாம்."

* உறைமழை தெரியாதவர்களுக்கு: மழையாகத்தான் விழும். விழுந்த இடத்தில் ஐஸாகும். றோட்டு, படி, மின்கம்பி, கார்க் கதவு எல்லாவற்றிலும் கண்ணாடி பூசினமாதிரி ஒட்டும். பிரெஞ்சுக்காரர் வெர்க்லா என்பார்கள். தொண்ணூற்றெட்டில் அதனால் நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் இங்கே இருந்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், உடனே மெழுகுதிரி எங்கே என்று கேட்பார்கள்.

 * ரயர் பற்றி: டிசம்பர் முதலாம் திகதியில் இருந்துதான் சட்டம். அதற்கு முதல் மாற்றுவதைத் தோல்வியாக நினைக்கும் ஆண்கள் எங்களுக்குள் ஏராளம்.

துஷாந்தினிக்கு நாற்பது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களை ஏற்றிப்போகும் ட்ரக் கம்பனி ஒன்றில், எந்த ட்ரக் எப்போது வெளியில் போவது என்று தீர்மானிப்பது அவள் வேலை. வீடு பியர்பொன்ட்ஸில். அதே பக்கத்தில்தான் குணரத்தினம் அண்ணையின் வீடும். அந்த வீட்டு பேஸ்மென்ட்தான் வானொலி நிலையம். ஒரு மைக், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகை ஒன்று, எதிரொலியை அடக்கச் சுவரில் முட்டைப் பெட்டி அட்டைகள்.

அவளுக்கு அங்கே இரண்டு நிமிடம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆட்கள் மொன்றியலில் இருந்துகொண்டு ரொறன்ரோ தமிழ் வானொலி கேட்பவர்கள். ரொறன்ரோவில் வெயில் என்று சொன்னால் இங்கே குடையில்லாமல் இறங்குவார்கள். அங்கே பனிப்புயல் என்றால் இங்கே வெயிலில் நின்று பால் வாங்கிச் சேமிப்பார்கள். ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வானத்தை நம்பி உடுப்புப் போடும் சனம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. "எங்களுக்கெண்டு ஒரு வானம் இருக்கு அண்ணை" என்று துஷாந்தினிதான் போய்க் கேட்டாள். அவரும் சரி என்றார்.

4

இப்போது நான் கொஞ்சம் கட்டுரை எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் இதை வாசிக்காமல் போனால், மீன் வெட்ட நின்ற அந்த ஆளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்களுக்குள் ஒருவர் வீடு தேடி வந்து, தேத்தண்ணி குடித்து, அழைப்பிதழைக் கையில் தந்துவிட்டால் போயே ஆகவேண்டும். காய்ச்சல் காரணமாகாது. வேலை காரணமாகாது. பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் வாயைத் திறக்கவே முடியாத சாட்டு. போகாவிட்டால் அடுத்த கொண்டாட்டத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன, அண்டைக்கு உங்களைக் காணேல்ல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பேர் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, முகத்தைக் காட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

வானம் ஒன்றுதான் விதிவிலக்கு. "றோட்டு சரியில்லை" என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆகவே நவம்பரிலிருந்து மார்ச் வரை துஷாந்தினியின் தொலைபேசி ஓயாது. "பிள்ளை, சனிக்கிழமை எப்பிடி?" என்று கேட்பார்கள். குரலில் கவலை இருக்காது, ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். 'கொஞ்சம் மோசம்' என்று அவள் சொன்னால் மறுமுனையில் விடும் மூச்சை அவள் எனக்குச் செய்துகாட்டியிருக்கிறாள்.

அவளுடைய இரண்டு நிமிடத்தைச் சனம் கேட்பது எந்த உடுப்புப் போடுவது என்று அறிவதற்கு மட்டுமல்ல. போகாமல் இருப்பதற்கு அனுமதி வாங்குவதற்கும்தான்.

5

அந்த வியாழக்கிழமை, மைக்குக்கு முன் அவள் உட்காருவதற்குக் கொஞ்சம் முதல், குணரத்தினம் அண்ணை பேஸ்மென்ட் படியில் இறங்கி வந்தார். சனிக்கிழமை அரங்கேற்றம் அவருடைய மகள் சாருஜாவுக்குத்தான்.

(முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். கழுத்தில் தடித்த சங்கிலி, குரலில் அதட்டல் எல்லாம் போட்டேன். பிறகு அழித்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு தகப்பன், அவ்வளவுதான். அதுதான் சிக்கல்.)

"துஷாந்தினி, நான் பொய் சொல்லச் சொல்லேல்ல."

"ஓம் அண்ணை."

"மழை எண்டு மட்டும் வாசியும். உறைஞ்சாலும் அது மழைதானே?"

"உறைஞ்சா அது மழையில்லை அண்ணை. எங்கட கந்தோரில எண்டா ஒரு ட்ரக்கையும் வெளியில விடமாட்டன்."

"ட்ரக் வேற, பிள்ளையின்ர அரங்கேற்றம் வேற."

"றோட்டு ஒண்டுதானே அண்ணை."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவள் சின்னனிலயிருந்து ஆடுறாள். அவளின்ர பாதத்தைப் பாத்தனீரோ? வெடிச்சுக் கிடக்கு. டீச்சர் ரொறன்ரோவில இருந்து வாறா, மிருதங்கக்காரர் வாறார். ஹோல் நிறையச் சனம் இருக்கவேணும் எண்டு நான் ஆசைப்படுறது பிழையோ?"

"பிழையில்லை."

"அப்ப?"

"உங்கட ஆசையில பிழையில்லை அண்ணை. ஆனா அதுக்காக என்னை மாத்தி வாசிக்கச் சொல்லாதேங்கோ."

வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று உங்களுக்குத் தெரியும்.

6

இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அக்கா, என்னைப் பாவமா எழுதிப்போடாதேங்கோ."

"எங்க பாவமா எழுதினனான்? வீராங்கனை மாதிரியெல்லோ எழுதியிருக்கிறன்."

"அது அதைவிட மோசம். நான் பயந்தனான். அதையும் எழுதுங்கோ."

"என்னத்துக்குப் பயந்தனீர்?"

நான் இங்கே ஒரு பெருமூச்சு எழுதியிருப்பேன். ஆனால் அவள் பெருமூச்சு விடவில்லை, பின்னால் சட்டியில் ஏதோ பொரியும் சத்தம்தான் கேட்டது.

"கந்தோரில நான் சொன்னா எல்லாரும் கேக்கினம். நான் 'நில்' எண்டா ட்ரக் நிக்கும். வீட்டில நான் வாயைத் திறந்தா ரீவிச் சத்தத்தைக் கூட்டுவினம். எங்கட ஆக்களுக்கு முன்னால நான் சொல்லுறதை நம்பிக் கேக்கிற இடம் அந்த ரெண்டு நிமிசம் மட்டும்தான் அக்கா. அதைப் பறிச்சுப்போடுவார் எண்டு பயந்தனான். அவர் கேட்டமாதிரி வாசிச்சாலும் அது போயிடும் எண்டும் தெரியும்."

எழுதிவிட்டேன். அவள் பயந்தாள். பயந்துகொண்டே வாசித்தாள்.

7

சனிக்கிழமை. நான் பஸ் மாறிப் பஸ் எடுத்துப் பியர்பொன்ட்ஸ் மண்டபத்துக்குப் போனேன். வழியெல்லாம் மூடுபனி. அடுத்த தரிப்பிடம் எது என்று ஜன்னலால் தெரியவில்லை, சாரதி சொல்லித்தான் இறங்கினேன். மழை தொடங்கியிருந்தது. படியில் காலை வைக்கும்போது வழுக்கும் என்று எதிர்பார்த்தேன். வழுக்கவில்லை.

ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கிலிருந்து வரும் காற்றுத்தான் தரையில் குளிரைப் பிடித்து வைக்கும். மேலேயிருந்து விழும் மழை அந்தக் குளிரில் பட்டு உறையும். அன்று பின்னேரம் காற்று தெற்குக்குத் திரும்பிவிட்டது. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஒரு பாகையில் போய் நின்றது. மழை மழையாகவே பெய்தது. வெறும் மழை.

மண்டபத்தில் பாதிக்கு மேல் கதிரைகள் காலி. பின்னால் ரோல்ஸும் வடையும் தட்டுத்தட்டாக ஆறிக்கொண்டிருந்தன. முன்வரிசையில், பெரிய பனிச் சப்பாத்தோடும் பட்டுச் சேலையோடும் துஷாந்தினி இருந்தாள். மத்தியானமே வந்துவிட்டாளாம். காரில் ஐஸ் கரைக்க உப்பு மூட்டையும் மண்வாரியும் வைத்திருந்தாள்.

"நீரே வந்திருக்கிறீர்!" என்றேன்.

"வழுக்கலாம் எண்டுதானே சொன்னன். வராதேங்கோ எண்டு சொன்னனா?"

இந்த இடத்தில் நான் எழுதி வெட்டிய ஒரு பந்தி இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் சாருஜா வந்து, "உண்மையா ஆன்ரி, கன சனம் வராதது எனக்கு நல்லது. பயமில்லாமல் ஆடினன்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். இனிப்பாக இருந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் நன்றாக ஆடினாள். தில்லானாவில் ஒரு தரம்கூடக் கால் தவறவில்லை. பிறகு ஒப்பனை அறையில் மையெல்லாம் கரைய அழுதாள். தாயிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். 'ஏன் ஒருத்தரும் வரேல்ல' என்பதுதான் அது. இதை மறைத்தால் நானும் உறைமழையை மழை என்று வாசிக்கிறவள் ஆகிவிடுவேன்.

இனி வருவதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

கதைக்குள் வானம் என் சொல் கேட்கும். இரண்டு பாகை குறைத்துவிட எனக்கு ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன்:

"நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியே வந்தபோது வாகனத் தரிப்பிடம் முழுவதும் கண்ணாடியாக மின்னியது. ரொறன்ரோவிலிருந்து வந்த வான் வண்டி ஒன்று பெருந்தெருவில் சுழன்று..."

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்? வண்டியில் இருந்தவர்களுக்குக் கை முறியும். குணரத்தினம் அண்ணை தலையில் கைவைத்து, "அந்தப் பிள்ளை அப்பவே சொன்னதே" என்பார். மீன் வெட்ட நின்ற ஆள் வாயை மூடுவார். பற்றிக்குக் கண் கலங்கும். துஷாந்தினி வெல்வாள்.

மாட்டேன். ஒருத்தி சொன்னது சரி என்று காட்டுவதற்காக இன்னொருவரின் வண்டியை நான் கவிழ்க்க மாட்டேன். அவள் சொன்னது சரியாவதற்கு ஐஸ் தேவையும் இல்லை. மழை உறையாமல் போனபோதும் அவள் சொன்னது சரிதான். இதை ஏற்காதவர்கள் இங்கேயே இந்தக் கதையை மூடிவிடலாம், எனக்கு மனவருத்தம் இல்லை.

8

ஞாயிறு முழுவதும் குணரத்தினம் அண்ணையின் தொலைபேசி அடித்தது. வராதவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "ரேடியோவில சொன்னதால வரேல்ல அண்ணை." "துஷாந்தினி சொன்னபடியா பயந்திட்டம்." ஒருவர்கூடத் தன்னைச் சொல்லவில்லை. ரயர் மாற்றாதவர் ரயரைச் சொல்லவில்லை. சோபாவில் படுத்துப் படம் பார்த்தவர் படத்தைச் சொல்லவில்லை. எல்லாப் பழியும் ஒரே வீட்டு வாசலில் போய் இறங்கியது.

அடுத்த வியாழன் அவர் படியில் இறங்கி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இண்டைக்கு வாசிக்க முதல் சனத்திட்ட ஒரு மன்னிப்புக் கேளும். பேந்து வழமைபோல வாசியும்."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி இந்த நிகழ்ச்சியை நிப்பாட்டத்தான் வேணும் பிள்ளை. எனக்கு வேற வழி தெரியேல்ல. வீட்டில பிள்ளை என்னோட கதைக்கிறாள் இல்லை."

அவள் மைக்குக்கு முன் உட்கார்ந்தாள். அவர் ஒலிப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அதில் ஒலியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அவர் விரல் அதன் மேல் இருந்தது. மிரட்டுவதற்காக இல்லை, கை எங்கே போவதென்று தெரியாமல் அங்கே போனது என்று துஷாந்தினி சொன்னாள். நான் நம்புகிறேன்.

நான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வணக்கம். வாசிப்பது துஷாந்தினி. போன சனிக்கிழமை உறைமழைக்கு நூற்றுக்கு அறுபது சாத்தியம் என்று வாசித்தேன். மழை உறையவில்லை. உறையாமல் போவதற்கு நாற்பது இருந்தது. அந்த நாற்பது வந்தது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கும் அறுபது என்று இருந்தால் அறுபது என்றுதான் வாசிப்பேன். அன்று சாருஜாவின் அரங்கேற்றம் மிக நன்றாக இருந்தது. நான் போயிருந்தேன். போகாதவர்கள், ஏன் போகவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லாதீர்கள். இனி, வரும் வார இறுதிக்கான..."

இதுவரை வாசித்த பற்றிக் இங்கேதான் கேட்டார், "பிறகு? பொத்தானை அமத்தினவரோ இல்லையோ? முடிவில்லாமல் கதையை என்னெண்டு போடுறது?"

எனக்கு முடிவு தெரியும். அந்த மாலை வானொலியைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் அது குணரத்தினம் அண்ணை செய்த காரியம் ஆகிவிடும். நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

அந்த மண்டபத்துக் காலிக் கதிரைகளில் ஒன்று உங்களுக்காகப் போட்டது. உங்கள் வீட்டுக்கும் அழைப்பிதழ் வந்தது, நீங்களும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். வியாழன் மாலை அவள் வாசித்தபோது நீங்களும் நிம்மதியாய் மூச்சு விட்டீர்கள். ஆகவே அந்தப் பேஸ்மென்டில் அண்ணைக்குப் பக்கத்தில் உங்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அவர் கையை எடுத்துவிட்டார் என்று வையுங்கள். பொத்தான் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

அழுத்துவதென்றால் அழுத்துங்கள். ஆனால் வெளியே போய், நான்தான் அழுத்தினேன் என்று சொல்லுங்கள்.